ஆஸ்துமா இருப்பவர்கள் வீட்டிலேயே பீக் ஃப்ளோ அளக்க வேண்டுமா?

"மூச்சு இரைத்தால் எனக்கே தெரியுமே, மீட்டர் எதற்கு?" என்று கேட்டிருக்கிறீர்கள். தெரியாது என்பதுதான் என் அனுபவம். எனக்குச் சிறு வயதிலிருந்தே இளைப்பு உண்டு. நெஞ்சில் கொஞ்சம் இறுக்கத்தோடே வருடக்கணக்கில் பழகிவிட்டால், அது கூடுவது சட்டென்று உறைக்காது.

பீக் ஃப்ளோ மீட்டர் என்பது கையளவு பிளாஸ்டிக் குழாய்தான். நாம் ஊதும் காற்றின் உச்ச வேகத்தை, நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் என்று முள் காட்டும். முள்ளை அடிக்கு இறக்கிவிட்டு, எழுந்து நின்று, முடிந்த மட்டும் மூச்சை இழுத்து, உதடுகளால் குழலை இறுகக் கவ்வி, ஒரே வீச்சில் ஊத வேண்டும். நான் முதல் வாரம் பலூன் ஊதுவதுபோல நீட்டி ஊதிக்கொண்டிருந்தேன். அது தேவையில்லை, ஊதத் தொடங்கிய அந்தக் கணத்து வேகம்தான் கணக்கு. எச்சில் துப்புகிற மாதிரி கன்னத்தால் தள்ளினால் எண் பொய்யாக ஏறிவிடும். முள் ஓடும் பாதையில் விரல் படக் கூடாது. மூன்று முறை ஊதி, இருப்பதில் பெரிய எண்ணை எழுதுங்கள், சராசரியை அல்ல. காலையும் இரவும், இன்ஹேலர் எடுப்பதற்கு முன்னால்.

வயது, உயரம் பார்த்துச் சொல்லும் அட்டவணை ஒன்று உண்டு. என் டாக்டர் அதை ஒதுக்கிவிட்டு, இளைப்பு கட்டுக்குள் இருக்கும்போது இரண்டு மூன்று வாரம் அளந்து, அதில் வந்த உச்ச எண்ணையே அளவுகோலாக வைக்கச் சொன்னார். எனக்கு அது 420. அதில் 80 சதவீதம் 336. அதற்கு மேல் இருந்தால் பச்சை. பாதி 210, அதற்குக் கீழே போனால் சிவப்பு. நடுவில் மஞ்சள். நோட்டின் முதல் பக்கத்தில் ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

போன போகிக்கு முந்தின வாரம் லேசாகச் சளி பிடித்தது. காலை எண்கள் 400, 380, 350, 320 என்று இறங்கின. இரவு எண் மட்டும் 400-ஐ விட்டு இறங்கவில்லை. மாடிப்படி ஏறினேன், சமைத்தேன், ஒரு கஷ்டமும் தெரியவில்லை. ஆஸ்துமாவில் விடியற்காலையில்தான் மூச்சுக்குழாய்கள் அதிகம் சுருங்கும். அதனால் காலைக்கும் இரவுக்கும் இடைவெளி அகல்வது, வீசிங் வருவதற்கு முன்பே கிடைக்கிற எச்சரிக்கை. 320-ஐப் பார்த்ததும் டாக்டரிடம் போனேன், இன்ஹேலர் அளவை மாற்றினார். போகி அன்று விடியலில் தெருவெல்லாம் புகை. ஜன்னலைச் சாத்திக்கொண்டு வீட்டில் இருந்தேன், சமாளித்துவிட்டேன். அதற்கு முந்தின வருடம் அதே நாளில் ஆஸ்பத்திரியில் நெபுலைசர் மாஸ்க்கோடு படுத்திருந்தேன்.

சில விஷயங்கள். மீட்டரை மாற்றாதீர்கள், ஒன்றுக்கொன்று எண் வித்தியாசப்படும். ஐந்து வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளுக்கு இது சரியாக ஊத வராது. எண்ணை மட்டும் வைத்து ஆஸ்துமா இருக்கிறது, இல்லை என்று முடிவு கட்டவும் கூடாது. அதற்கு ஆஸ்பத்திரியில் கருவியில் ஊதவைத்து நுரையீரலைச் சோதிக்கும் ஸ்பைரோமெட்ரி இருக்கிறது. பேசவே முடியாமல் இரைக்கிறது என்றால் மீட்டரைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். மூச்சுக்குழாயைச் சட்டென்று விரிக்கும் சால்புடமால் இன்ஹேலரை எடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

அப்புறம், எல்லோரும் தினமும் ஊத வேண்டும் என்றில்லை. அடிக்கடி மோசமாகிறவர்களுக்கும், என்னைப் போல இறுக்கம் உறைக்காதவர்களுக்கும்தான் அதிகம் உதவும். வாங்கினால், டாக்டர் முன்னால் ஒருமுறை ஊதிக் காட்டிவிட்டு, எந்த எண்ணுக்கு என்ன செய்ய வேண்டும் என்று அவர் கையாலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.