இரவில் நேர்ஸ் அழைத்தால் என்ன சொல்வது?

கேள்வி: டிமென்ஷியா உள்ள என் அம்மாவுக்கு 84 வயது. கனடாவின் ஸ்காபரோவில் ஒரு நீண்டகாலப் பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறார். இந்த வருடம் இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்: ஒருதடவை உடம்பில் நீர் வற்றி, மற்றத் தடவை நிமோனியா. இரண்டு தடவையும் இன்னும் தளர்ந்துதான் திரும்பினார். இரவில் நேர்ஸ் அழைத்து "அனுப்பட்டுமா?" என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்லலாமா? – ஒரு மகள்

பதில்: சொல்லலாம், சகோதரி. அம்மாவுக்காக முடிவெடுக்கும் உரிமை உங்களிடம் இருந்தால், "இங்கேயே என்ன செய்யலாம், டொக்டரிடம் கதைத்தீர்களா?" என்று முதலில் கேளுங்கள். மாத்திரையாக அன்டிபயோட்டிக், தோலுக்கடியில் ஏற்றும் சேலைன் போன்றவற்றைப் பல இல்லங்களில் கொடுக்க முடியும். ஒன்ராறியோவில் பதிவுபெற்ற நேர்ஸ் ஒருவர் 24 மணி நேரமும் இல்லத்தில் இருக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் திடீரென வாய் கோணினால், மூச்சு முட்டினால், நெஞ்சு வலித்தால், விழுந்து இடுப்பு முறிந்தது போலிருந்தால் யோசிக்காமல் அனுப்பச் சொல்லுங்கள்.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது அந்த அழைப்புக்கு முந்திய நாட்களைப் பற்றி. நீர் வற்றுவது பெரும்பாலும் ஒரே இரவில் நடப்பதில்லை. டிமென்ஷியா முற்றும்போது, பின்னாளில் படித்த ஆங்கிலம் பலருக்கு முதலில் நழுவிவிடும். அம்மா பேசாமலிருப்பது பாஷைப் பிரச்சினையா, சுகவீனமா என்று அன்றாடம் பராமரிக்கும் பி.எஸ்.டபிள்யூ (பராமரிப்பு உதவியாளர்) பிள்ளைக்கு எப்படித் தெரியும்? உங்களுக்குத் தெரியும். "அம்மா ஒரு மாதிரி இருக்கிறார்" என்று மட்டும் சொன்னால் அது காற்றோடு போய்விடும். "தேத்தண்ணியை மிச்சம் வைக்காதவர் நேற்றிலிருந்து கோப்பையைத் தொடவில்லை, எழுப்பினாலும் உடனே தூங்கிப் போகிறார்" என்று நேர்ஸிடமே சொல்லி, பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். இன்று என்ன பார்க்கப் போகிறார்கள் என்றும் கேளுங்கள். அமெரிக்காவில் உருவான 'ஸ்டாப் அண்ட் வாட்ச்' என்ற ஒற்றைத்தாள் படிவம் இதற்காகவே உள்ளது. பேச்சு, சாப்பாடு, குடிப்பது, மலம் போவது, நடை, தோல் என்று எது மாறினாலும் குடும்பத்தாரும் அதில் குறிக்கலாம். உங்கள் இல்லத்தில் இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

அப்புறம், பராமரிப்புக் கூட்டம். சேர்ந்து ஆறு வாரத்துக்குள்ளும் பிறகு வருடத்துக்கு ஒருதடவையாவதும் இல்லம் அதை நடத்தியாக வேண்டும். அடுத்ததற்குக் காத்திராமல் இப்போதே ஒன்றைக் கேளுங்கள். நிமோனியா திரும்ப வந்தால் எதுவரை இங்கே பார்ப்பது, எப்போது அனுப்புவது என்று டொக்டரோடு பேசிவையுங்கள். அம்மா நல்ல நினைவோடிருந்தபோது இதுபற்றி ஏதாவது சொல்லியிருந்தால் அதையும் அங்கே சொல்லுங்கள். சட்டப்படி அவருடைய விருப்பமே முதலில் வரும், எங்களுடையது அல்ல.

உங்களுக்குச் சகோதரர்கள் இருக்கிறார்களா? அம்மா யாருக்கும் பவர் ஒஃப் அட்டோர்னி (தனக்காகச் சிகிச்சை முடிவெடுக்கும் அதிகாரப் பத்திரம்) எழுதிக் கொடுக்காமலும், அப்பா உயிரோடு இல்லாமலும் இருந்தால், பிள்ளைகள் எல்லோருக்கும் சம உரிமை. நீங்கள் ஒத்துப்போகாவிட்டால் முடிவு அரசாங்கக் காப்பாளர் அலுவலகத்துக்குப் போகும். இந்த வார இறுதியிலேயே எல்லோரையும் போனில் கூட்டிக் கதைத்து முடியுங்கள்.