கலிப்போலியில் அணிந்த பேட்ஜா?

கேள்வி: முதல் உலகப் போரில் தரையில் நின்று சண்டையிட்ட பிரிட்டிஷ் மாலுமிகளின் தொப்பி பேட்ஜ்களைச் சேர்க்க ஆசை. ஹூட், பென்போ, காலிங்வுட் என்ற மூன்று பட்டாலியன்களின் பேட்ஜ்களையும் ஒருவர் விற்கிறார். துருக்கிப் போர்முனையான "கலிப்போலியில் அணிந்தவை" என்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். பேட்ஜைக் கையில் எடுக்கும் முன்பே கதை இடிக்கிறது.

கப்பலில் இடமின்றி மிஞ்சிய மாலுமிகளை வைத்து 1914-ல் சர்ச்சில் உருவாக்கியது ராயல் நேவல் டிவிஷன். பட்டாலியன்களுக்குப் பழைய கடற்படைத் தளபதிகளின் பெயர்கள். அகழியில் கிடந்தபோதும் தாடி வளர்த்தார்கள். லீவு கேட்டால் "கரைக்குப் போகணும்" என்பார்கள். அந்தப் பிடிவாதம்தான் என்னையும் இந்தப் பக்கம் இழுத்தது.

1915 ஜூன் 4 தாக்குதலில் காலிங்வுட் சின்னாபின்னமானது. அந்த மாதமே அதையும் பென்போவையும் கலைத்துவிட்டார்கள். உலோக பேட்ஜ்கள் வந்ததோ 1916-ல், டிவிஷன் தரைப்படையின் கைக்கு மாறிய ஆண்டில். கலிப்போலியை அந்த ஜனவரியிலேயே காலி செய்தாயிற்று. அப்படியிருக்க, இல்லாத பட்டாலியனுக்கு ஏது பேட்ஜ்?

ஹூட் பேட்ஜ் மட்டும் நிஜமாக இருந்தது: நங்கூரம் ஏந்திய காக்கை இனப் பறவை, கீழே "வென்டிஸ் செகுண்டிஸ்" என்ற லத்தீன் வாசகம். அதைத் திருப்பி லென்ஸில் பாருங்கள். அச்சில் அடித்ததென்றால் முன்பக்கப் புடைப்பு பின்பக்கம் குழியாகத் தெரியும். போலி வார்ப்பு என்றால் ஊசி குத்தியதுபோல் பொடிப்பொடிக் குழிகள். இறகுக் கோடுகள் மழுங்கி, அளவும் சற்றே சிறுத்திருக்கும். பின்னால் தயாரிப்பாளர் பெயர் இருப்பதை மட்டும் நம்பாதீர்கள். அப்படி நம்பி நானே ஒருமுறை ஏமாந்தேன். முன்பக்கம் தேய்ந்து வழவழப்பு, பின்னால், தொப்பியில் செருகும் தகட்டைப் பற்றவைத்த ஈயம் மட்டும் நேற்று வைத்ததுபோல் பளபளப்பு!

ஆரம்பத்தில் பேட்ஜை விட்டுப் பதக்கத்துக்குப் போங்கள் என்பேன். பிரிட்டிஷ் வார் மெடலின் விளிம்பில் எண், பெயர், பதவி, ஆர்.என்.வி.ஆர். (கடற்படையின் தன்னார்வ ரிசர்வ் பிரிவு) எல்லாம் பொறித்திருக்கும். எண்ணுக்கு முன் டி.இசட். (TZ) இருந்தால் இங்கிலாந்தின் டைன்சைடில் சேர்ந்தவர், சி.இசட். (CZ) என்றால் ஸ்காட்லாந்தின் கிளைடு. ஆனால் ஆர்.என்.வி.ஆர். ஆட்கள் பலர் கப்பலிலேயே இருந்தவர்கள். லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், ஏ.டி.எம். 339 வரிசையில், டிவிஷன்காரர்களின் அட்டைகள் இருக்கின்றன. எந்த பட்டாலியன் என்பதை அதில் பார்த்துவிட்டு அப்புறம் பணத்தை எடுங்கள்.