அலுவலகத் திரையில் மட்டும் ‘லைசன்ஸ் இல்லை’: புதிது வாங்கும் முன் பார்க்கவேண்டியவை

கேள்வி: சம்மாந்துறையில் உள்ள எங்கள் அரிசி ஆலையில், பொதி கட்டும் லைனில் ஒரு கமரா உண்டு. 5 கிலோ பைகளில் திகதி சரியாக அச்சாகியிருக்கிறதா என்று பார்த்து, பிழையான பையைத் தள்ளிவிடும். லைனுக்குப் பக்கத்தில் உள்ள பெனல் கணினியில் அதன் படம் வரும். அதே படத்தை மேல்மாடி அலுவலகத்தில் முதலாளியும் பார்த்து வந்தார். ஐப்பசியில் இடி விழுந்து ரவுட்டரும் அலுவலகக் கணினியின் லேன் போர்ட்டும் எரிந்துவிட்டன. 4ஜி ரவுட்டர் ஒன்றும் யூஎஸ்பி வைஃபையும் வாங்கிப் போட்டோம். அன்றிலிருந்து மேலே ‘லைசன்ஸ் கிடைக்கவில்லை’ என்றே வருகிறது. கீழே எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது. மேலிருந்தே கீழ்க் கணினியை இயக்கும் விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டொப்பில் பெனல் கணினிக்குள் போய் மென்பொருளைத் திறந்தாலும் அதே செய்திதான். பெனல் கணினியின் பின்னால் ஒரு டொங்கிள் (பென்டிரைவ் போன்ற யூஎஸ்பி லைசன்ஸ் சாவி) செருகியிருக்கிறது. விற்ற கொம்பனி புது லைசன்ஸ் வாங்கச் சொல்கிறது. வேறு வழி உண்டா?

பதில்: பணத்தை இப்போதைக்குக் கட்டாதீர்கள். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உங்கள் லைசன்ஸ் பெரும்பாலும் பத்திரமாகத்தான் இருக்கிறது. அது இருக்கும் இடம் அலுவலகக் கணினிக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். லைசன்ஸ் இல்லாவிட்டாலும், இருந்தும் எட்டாவிட்டாலும் திரையில் வருவது ஒரே செய்தி என்பதால்தான் பலர் தேவையில்லாமல் இரண்டாவது முறை காசு கொடுக்கிறார்கள். இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எந்தக் கணினியையும் ஃபோர்மட் பண்ணவேண்டாம், மென்பொருளை அழித்துத் திரும்பப் போடவும் வேண்டாம். இருக்கிற லைசன்ஸும் உண்மையாகவே தொலைவது பெரும்பாலும் அப்படித்தான்.

இந்த வகை மென்பொருளின் லைசன்ஸ் எங்கே இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. சில கமராக்களில் அது கமராவுக்குள்ளேயே, அதன் தொடர் இலக்கத்தோடு பிணைந்திருக்கும். சிலவற்றில் டொங்கிளில். இன்னும் சிலவற்றில் கணினியின் நெட்வொர்க் கார்ட், டிஸ்க், மதர்போர்ட் ஆகியவற்றின் அடையாளங்களைச் சேர்த்து, அந்தக் கணினிக்கென்றே பூட்டிக் கொடுத்திருப்பார்கள். உங்களிடம் டொங்கிள் கீழே இருக்கிறது, மேலேயும் முன்பு படம் வந்தது. ஆகவே இரண்டில் ஒன்று நடந்திருக்கவேண்டும். ஒன்று, மேலே உள்ள கணினி நெட்வொர்க் வழியாக டொங்கிளிடம் அனுமதி வாங்கி ஓடியது. அல்லது அதற்கென்று தனியாக ஒரு லைசன்ஸ் பதியப்பட்டிருந்தது.

எது என்று கண்டுபிடிக்க, பெனல் கணினியில் பிரவுசரைத் திறந்து 127.0.0.1:1947 என்று அடித்துப் பாருங்கள். சென்டினல் வகை டொங்கிள் என்றால் அதன் நிர்வாகப் பக்கம் திறக்கும். திறக்காவிட்டால் 127.0.0.1:22352 அடியுங்கள், அது கோட்மீட்டர் வகைக்கான பக்கம். தொழிற்சாலைக் கமரா மென்பொருட்களில் இந்த இரண்டும் பரவலாக உண்டு. அங்கே உங்கள் டொங்கிளின் இலக்கம், அதிலுள்ள லைசன்ஸ்கள், நெட்வொர்க்கில் எத்தனை பேர் ஒரே நேரத்தில் பாவிக்கலாம் என்ற விவரம் எல்லாம் இருக்கும். நெட்வொர்க்குக்கு ஒரு இடமாவது காட்டினால் முதலாவது ஊகம் சரி. அந்தப் பக்கத்தை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

முதலாவது ஊகம்தான் சரி என்றே எனக்குப் படுகிறது. காரணம் புதிய ரவுட்டர். நெட்வொர்க்கில் ஒவ்வொரு கணினியையும் அடையாளம் காட்டும் இலக்கம்தான் ஐபி முகவரி. வீட்டு, அலுவலக ஃபைபர் ரவுட்டர்கள் பெரும்பாலும் 192.168.1 என்று தொடங்கும் முகவரிகளைக் கொடுக்கும். 4ஜி ரவுட்டர்களில் பல 192.168.8 என்று கொடுக்கும். பெனல் கணினியில் பொதுவாக இரண்டு லேன் போர்ட் இருக்கும். கமராப் பக்கம் போவதற்கு நிலையான முகவரி, அதை இடி தொடவில்லை, அதனால் கீழே படம் ஓடுகிறது. அலுவலகப் பக்கம் போவதற்கு ரவுட்டர் கொடுக்கும் முகவரி, அது மாறிவிட்டது. மேலே உள்ள மென்பொருளோ இன்னமும் பழைய முகவரியில் லைசன்ஸைத் தேடுகிறது. வீடு மாறிப் போனவருக்குப் பழைய விலாசத்தில் கடிதம் போடுவது போலத்தான். ரிமோட் டெஸ்க்டொப் மட்டும் எப்படிப் போகிறது என்று கேட்பீர்கள். நீங்கள் அநேகமாகக் கணினியின் பெயரைக் கொடுத்துப் போகிறீர்கள், பெயர் மாறவில்லை.

இதைச் சரிசெய்ய எனக்குப் பிடித்த வழி, புதிய ரவுட்டருக்குப் பழைய முகவரியையே கொடுப்பது. ரவுட்டரின் செட்டிங்கில் லேன் முகவரியை 192.168.1.1 ஆக்குங்கள். பிறகு பெனல் கணினிக்கு அதன் பழைய முகவரியை ரவுட்டரிலேயே ஒதுக்கி வையுங்கள். பழைய முகவரி என்ன என்று தெரியாவிட்டால், அலுவலகக் கணினியின் மென்பொருளில் லைசன்ஸ் சேவர் (லைசன்ஸ் கொடுக்கும் கணினி) என்று எழுதியுள்ள இடத்தில் அது அப்படியே இருக்கும். இப்படிச் செய்தால் மென்பொருளில் எதையும் தொடவேண்டியதில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: கமராப் பக்கமும் 192.168.1 என்றே தொடங்குகிறதா என்று முதலில் பாருங்கள். இரண்டு போர்ட்டும் ஒரே வரிசையில் வந்தால் பெனல் கணினி கமராவை எந்தப் பக்கம் தேடுவது என்று தடுமாறி, கீழே ஓடுவதும் நின்றுவிடும். அப்படியானால் ரவுட்டரை விட்டுவிட்டு, அலுவலக மென்பொருளில் சேவர் முகவரியை மட்டும் புதியதாக மாற்றுங்கள்.

அதன் பிறகும் வராவிட்டால் ஃபயர்வோலை, அதாவது வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் தடுக்கும் விண்டோஸின் காவலைப் பாருங்கள். ரவுட்டர் மாறினால் விண்டோஸ் அதைப் புதிய நெட்வொர்க் என்று எடுத்து, பெரும்பாலும் ‘பொது’ வகையில் போட்டுவிடும். லைசன்ஸ் சேவையின் கதவு ‘தனிப்பட்ட’ வகையில் மட்டும் திறந்திருந்தால் அது சத்தமில்லாமல் மூடிக்கொள்ளும். பெனல் கணினியில் அலுவலகப் பக்க நெட்வொர்க்கைத் தனிப்பட்டது என்று மாற்றுங்கள். அந்தக் கதவுக்கும் போர்ட் என்றுதான் பெயர், லேன் வயர் செருகும் போர்ட் அல்ல: சென்டினலுக்கு 1947, கோட்மீட்டருக்கு 22350 ஆகிய இலக்கங்களில் இணைப்பு உள்ளே வர அனுமதி இருக்கிறதா என்றும் பாருங்கள். ரிமோட் டெஸ்க்டொப் போகிறதே என்று இதை விட்டுவிடாதீர்கள், அதற்கு வேறு விதி. ஃபயர்வோலை முழுக்க நிறுத்தி வைக்கும் பழக்கமும் நல்லதல்ல.

சரி, ரிமோட் டெஸ்க்டொப்பில் ஏன் அதே செய்தி? இது வேறு விஷயம், இதுதான் கொம்பனிக்காரர்களையே ஏமாற்றிவிடுகிறது. ரிமோட் டெஸ்க்டொப்பில் போகும்போது விண்டோஸ் அதைத் தொலைவிலிருந்து வரும் தனி வகை அமர்வு என்று குறித்துக்கொள்ளும். ஒரு டொங்கிளை வைத்துப் பலர் வேலை செய்வதைத் தடுக்க, பல மென்பொருட்கள் அந்த வகை அமர்வில் டொங்கிளைத் திறக்கவே மறுக்கும். ஆகவே அந்தச் செய்தி டொங்கிள் பழுது என்பதற்குச் சான்று அல்ல. அதைவிட எனக்குக் கவலை, நீங்கள் மேலிருந்து நுழைந்ததும் கீழே லைனில் நிற்பவரின் திரை பூட்டிக்கொள்ளும் என்பது. பை பையாகத் தள்ளப்படும் நேரத்தில் காரணத்தைப் பார்க்க அவருக்குத் திரை இல்லை. லைன் ஓடும்போது தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள்.

முதலாளிக்கு வேண்டியது படத்தைப் பார்ப்பது மட்டும் என்றால் டைட்வீஎன்சி போன்ற ஒரு மென்பொருள் போதும். அது கீழே திரையில் இருப்பதை அப்படியே மேலே காட்டும், கீழே எதையும் பூட்டாது. ‘பார்க்க மட்டும்’ என்ற முறையில் வையுங்கள். மேலே தவறுதலாக ஒரு கிளிக் விழுந்து கமராவின் செட்டிங் மாறினால் பிழைத் திகதியோடு பைகள் கடைக்குப் போகும். கடவுச்சொல் கட்டாயம், ரவுட்டரில் இணையத்துக்கு வழி திறந்துவிடவும் வேண்டாம். இப்படிப் பார்ப்பதற்கு லைசன்ஸ் ஒப்பந்தத்தில் தடை இருக்கிறதா என்பதையும் ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

நிர்வாகப் பக்கத்தில் நெட்வொர்க் இடமே இல்லை என்றால் இரண்டாவது ஊகம். லேன் போர்ட் எரிந்து வைஃபை போட்டதால் அலுவலகக் கணினியின் அடையாளம் மாறி, அதற்கென்று பதிந்த லைசன்ஸ் அதை வேற்று ஆள் என்று நினைக்கிறது. அப்போதும் புதிதாக வாங்கவேண்டியதில்லை. ‘லைசன்ஸை மாற்றிப் பதிந்து தாருங்கள்’ என்று கொம்பனியிடம் கேளுங்கள். நீங்கள் ஒரு கோரிக்கைக் கோப்பை எடுத்து அனுப்ப, அவர்கள் பதில் கோப்புத் தருவார்கள். சென்டினலில் முதலாவதை சி2வி என்றும் இரண்டாவதை வி2சி என்றும் சொல்வார்கள். அனுப்பும் முன் விண்டோஸின் வைஃபை செட்டிங்கில் ‘தற்செயல் ஹார்ட்வெயார் முகவரி’ என்பது நிறுத்தப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது ஓடிக்கொண்டிருந்தால் வைஃபையின் அடையாளம் மாறி, இன்றைக்குப் பதிந்த லைசன்ஸ் பிறகு மறுபடி முறியலாம். முடிந்தால் வைஃபையை விட்டு ஒரு லேன் கார்டே போட்டு, அதற்குப் பதியச் சொல்லுங்கள். ஆலையில் வைஃபையை நம்பிப் படம் பார்ப்பது எனக்கு ஒருபோதும் திருப்தியாக இருந்ததில்லை.

அப்புறம் கணினியின் திகதி. இடியோடு மதர்போர்ட்டின் சிஆர்2032 பற்றரியும் செத்திருந்தால், கரண்ட் போய் வரும் ஒவ்வொரு முறையும் திகதி பின்னால் போகும். சில லைசன்ஸ்கள் அதை ஏமாற்று வேலை என்று எடுத்துப் பூட்டிக்கொள்ளும்.

டொங்கிள் இல்லாமலே ஓடவைத்துத் தருகிறேன் என்று யாராவது பென்டிரைவோடு வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். அந்தப் போலி டிரைவர்கள் அடுத்த விண்டோஸ் அப்டேட்டில் விழும், கூடவே வைரஸும் வரும். சாப்பாட்டுப் பையின் திகதியைப் பார்க்கும் கணினியில் அதற்கு இடமே இல்லை.

இவ்வளவும் பார்த்து இன்னும் வராவிட்டால், எடுத்து வைத்த பக்கத்தின் படம், இரண்டு கணினிகளின் ஐபி முகவரிகள், மென்பொருளின் பதிப்பு இலக்கம், செய்தியில் வரும் பிழை இலக்கம் ஆகியவற்றைச் சேர்த்துக் கொம்பனிக்கு எழுதுங்கள். புது லைசன்ஸ்தான் வேண்டும் என்று மறுபடி சொன்னால், டொங்கிளில் இருக்கும் நெட்வொர்க் இடம் ஏன் போதாது என்பதை எழுத்தில் தரச் சொல்லுங்கள்.