வீட்டு மாடியில் உலோகச் சிற்பம் செய்ய எந்தச் சின்ன மிக் வெல்டிங் மெஷின் வாங்கலாம்?

காயலான் கடையில் கிடைக்கும் போல்ட், நட்டு, பைக் செயின், தகரத் துண்டுகளை வைத்துச் சின்னச் சின்ன உருவங்கள் செய்ய வேண்டும், வீட்டுக் கரண்டிலேயே ஓட வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். அதை வைத்தே சொல்கிறேன். மிக் என்பது மெஷினிலிருந்து கம்பி தானாக வந்து உருகி இரும்பை ஒட்டும் வெல்டிங், அந்தக் கம்பி வெளியே வரும் கைப்பிடிதான் டார்ச்.

பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் 200, 250 ஆம்பியரைப் பார்த்து வாங்காதீர்கள். சிற்ப வேலையில் அந்தப் பக்கமே போக மாட்டீர்கள். செயின் கண்ணியில் ஒரு நட்டை ஒட்டவும், 1 மி.மீ. தகட்டை இறகு மாதிரி வெட்டி ஓரத்தில் பிடிக்கவும் 40 முதல் 80 ஆம்பியர் போதும். மெஷின் அந்தக் கீழ் அளவில் நிதானமாக எரிகிறதா என்பதுதான் முக்கியம். சில மெஷின்கள் 100க்கு மேல் அருமையாக ஓடும், கீழே இறக்கினால் கம்பி தகட்டில் குத்தி டார்ச்சையே பின்னால் தள்ளும். கடையிலேயே ஒரு 1 மி.மீ. தகட்டில் 0.8 மி.மீ. கம்பியை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். சட்டியில் வடை வேகிற மாதிரி ஒரே சீராகச் சத்தம் வந்தால் சரி, விட்டு விட்டு வெடித்தால் முதலில் செட்டிங்கை மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள், அப்போதும் அப்படியே இருந்தால் வேறு மெஷின் பாருங்கள்.

அடுத்தது, உருகும் இரும்பைக் காற்று படாமல் காக்க கேஸா, உள்ளே காப்புப் பொடி இருக்கும், கேஸ் தேவைப்படாத ஃப்ளக்ஸ் கோர் கம்பியா என்பது. மொட்டை மாடியில் காற்று கேஸைக் கலைத்துவிடும், பற்று ஓட்டை ஓட்டையாக வரும், அங்கே ஃப்ளக்ஸ் கோர்தான் தாங்கும். ஆனால் அதில் ஸ்லாக் (பற்றின் மேல் உறையும் கசடு) படியும். நேர் தகடென்றால் சுத்தியலால் தட்டி எடுத்துவிடலாம், செயின் கண்ணிக்கும் போல்ட் மரைக்கும் நடுவில் புகுந்துகொண்டால் கம்பி பிரஷ்கூட எட்டாது, பெயின்ட் அடித்த பிறகு அங்கிருந்துதான் உரியும். அதனால் மூன்று பக்கம் மறைப்பு கட்ட முடிந்தால் (மேலேயும் ஒரு பக்கமும் திறந்தே இருக்கட்டும், புகை வெளியேற வேண்டும்) கேஸோடு வேலை செய்யுங்கள் என்பதே என் கருத்து. வெறும் கார்பன் டை ஆக்சைடு மலிவு, பொறி கொஞ்சம் அதிகம் தெறிக்கும். 80 பங்கு ஆர்கான், 20 பங்கு கார்பன் டை ஆக்சைடு கலந்த கேஸில் பற்று சுத்தமாக வரும்.

இரண்டுக்கும் ஒரே மெஷின் வேண்டுமென்றால் போலாரிட்டி (பாசிட்டிவ், நெகட்டிவ் இணைப்பு) மாற்றும் வசதி இருக்க வேண்டும். கேஸுக்கு டார்ச் பாசிட்டிவில், கேஸ் இல்லாத கம்பிக்கு நெகட்டிவில் இருக்கும். இது மாற்றாமல் ஓட்டிவிட்டு கம்பி சரியில்லை என்று திட்டுபவர்கள் நிறைய. கம்பியைத் தள்ளும் ரோலரும் வேறு: சாதாரண கம்பிக்கு வி பள்ளம், ஃப்ளக்ஸ் கோருக்குப் பல் வைத்தது.

டூட்டி சைக்கிளை (சூடேறி நிற்காமல் மெஷின் எவ்வளவு நேரம் ஓடும் என்ற அளவு) பற்றிக் கவலை வேண்டாம், நீங்கள் பெரும்பாலும் புள்ளி புள்ளியாகத்தான் வைப்பீர்கள். மிக், டிக் (டங்ஸ்டன் முனையால் செய்யும் வெல்டிங்), சாதாரண ராடு வெல்டிங் என மூன்று வேலையும் செய்யும் மெஷின் என்று காட்டுவார்கள், வாங்கலாம், ஆனால் அதில் இருக்கும் டிக் பெரும்பாலும் டிசி (ஒரே திசையில் ஓடும் மின்சாரம்) மட்டும்தான், அலுமினியத்துக்கு உதவாது. பிளக்கை 16 ஆம்பியர் பாயின்ட்டில் போடுங்கள், எக்ஸ்டென்ஷன் ஒயர் 2.5 சதுர மி.மீ.க்குக் குறையக் கூடாது. எம்சிபி (லோடு கூடினால் கரண்டைத் தானே நிறுத்தும் சுவிட்ச்) விழுந்தால் ஆம்பியரைக் குறையுங்கள், ஒயரை மாற்றாமல் பெரிய எம்சிபி மாட்டுவது நெருப்பை வீட்டுக்குள் அழைப்பது.

கடைசியாகப் பொருட்கள். ஜிஐ போல்ட்டில் துத்தநாகப் பூச்சைத் தேய்த்து எடுக்காமல் பற்ற வைத்தால் அந்தப் புகையால் ராத்திரி குளிர் காய்ச்சல் வரும், பளபளக்கும் குரோம் பூச்சின் புகை அதைவிட மோசம். எண்ணெய்ச் செயினை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவிட்டு எடுங்கள். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் வேண்டவே வேண்டாம், ஆர்க் பட்டால் அது விஷ வாயுவாக மாறும். பேரிங் ஒட்டும், ஆனால் ஆறும்போது பற்றின் ஓரத்தில் விரிசல் விடும், எடை தாங்கும் இடத்தில் வைக்காதீர்கள். எவர்சில்வர் ஸ்பூனை இரும்போடு சேர்க்க 309எல் என்ற எவர்சில்வர் வெல்டிங் கம்பி ஒரு சின்ன ரோல் தனியாக வாங்கி வையுங்கள், சாதாரண கம்பியில் பிடித்தால் அந்த இடம் மட்டும் துருப்பிடிக்கும்.