கேளுங்க சொல்றோம்: கூடலூரும் ஒன்பதாவது அட்டவணையும்

கேள்வி: டீக்கடையில மழைக்கு ஒதுங்கி நின்னப்போ ஒரு பெரியவர், நம்ம கூடலூர் ஜென்ம நிலச் சட்டம் அரசியல் சாசனத்துக்குள்ளயே இருக்குன்னாரு. நிஜமா, சும்மா அடிச்சு விடறாரா?
- பந்தலூர் வாசகர்

பதில்: நிஜம்தாங்க, அவருக்கு ஒரு வர்க்கி சேர்த்து வாங்கிக் குடுங்க. 1951ல முதல் திருத்தத்துலயே ஒன்பதாவது அட்டவணைன்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க, அதுல ஒரு சட்டத்தைப் போட்டுட்டா அடிப்படை உரிமை பறிபோச்சுன்னு சொல்லி கோர்ட்டுல அதை அடிக்க முடியாது, ஜமீன் ஒழிப்பு சட்டங்களக் காப்பாத்தத்தான் இந்த ஏற்பாடு. நம்ம நீலகிரி பக்கம் நிலம்பூர் கோவிலகம் மாதிரி ஜென்மிங்க, அதாவது பரம்பரை நிலச் சொந்தக்காரங்க, கையில இருந்த நிலத்தை அரசு எடுக்க 1969ல சட்டம் போட்டாங்களா, எஸ்டேட்காரங்க கேஸ் போட்டு, 1972ல சுப்ரீம் கோர்ட் அதுல காட்டு நிலத்தை எடுக்கற பகுதி மட்டும் செல்லாதுன்னுடுச்சு. டெல்லி என்ன பண்ணுச்சு, 1974ல 34வது திருத்தம் போட்டு முழுச் சட்டத்தையும் அட்டவணைக்குள்ள தள்ளிடுச்சு! கோர்ட் செல்லாதுன்னதையும் சேர்த்துதான், அதான் எனக்கு இடிக்குது.

விவகாரம் மறுபடி கோர்ட் ஏறி, 2007 ஜனவரி 11ல ஒன்பது நீதிபதிங்க, 1973 ஏப்ரல் 24க்கு அப்புறம் அட்டவணைக்குள்ள போன எந்தச் சட்டமும் சாசனத்தோட அடிப்படைக் கட்டமைப்பை உடைச்சா கோர்ட் கேக்கும்னுட்டாங்க. அதென்ன தேதின்னா, சாசனத்தோட அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றம் திருத்தம் போட்டுக்கூட மாத்த முடியாதுன்னு சொன்ன கேசவானந்த பாரதி தீர்ப்பு வந்த நாள். 1994ல உள்ள போன நம்ம 69 சதவீத இடஒதுக்கீட்டுச் சட்டத்துக்கும் இதே கணக்குதான்.