ஒரே சாக்கெட்டில் எட்டு ப்ராசஸ் காத்திருக்கும்போது ஓர் இணைப்பு வந்தால் லினக்ஸ் எட்டையும் எழுப்புகிறதே, இது பிழையா?

கேள்வி கேட்டவர் பைத்தானில் ஒரு சின்ன சர்வர் எழுதியிருக்கிறார். புதிய இணைப்புகளுக்காகக் கேட்கும் சாக்கெட்டைத் (வலைத்தொடர்பின் முனை) திறந்துவிட்டு, ஃபோர்க் போட்டு (ப்ராசஸைப் பிரதியெடுத்து) எட்டு ஒர்க்கர்களை, அதாவது வேலை செய்யும் ப்ராசஸ்களை, உருவாக்கியிருக்கிறார். ஒவ்வொன்றும் தனக்கென ஓர் ஈபோல் (சாக்கெட்டில் ஏதாவது வந்தால் தகவல் சொல்லும் லினக்ஸ் வசதி) வைத்து அதே சாக்கெட்டில் காத்திருக்கிறது. ப்ராசஸ் கெர்னலை (லினக்ஸின் மையப் பகுதி) அழைப்பதையெல்லாம் காட்டும் ஸ்ட்ரேஸ் கருவியில் பார்த்தால், ஒரே ஒரு இணைப்புக்கு எட்டும் எழுகின்றன. ஒன்றுக்கு இணைப்பு கிடைக்கிறது, மற்றவை ஈ-அகெய்ன் ('இப்போது எதுவும் இல்லை, பிறகு வா' என்ற பதில்) வாங்கிக்கொண்டு மறுபடி தூங்கப் போகின்றன. இதுதான் அவருடைய கேள்வி.

பிழை இல்லை. நீங்கள் கேட்டதைத்தான் கெர்னல் செய்திருக்கிறது. அதே சாக்கெட்டில் ஈபோல் இல்லாமல் எட்டு ஒர்க்கரும் நேராக, வந்த இணைப்பை எடுத்துக்கொள்ளும் ஆக்செப்ட் அழைப்பிலேயே தூங்கியிருந்தால், ஒன்று மட்டும்தான் எழுந்திருக்கும். ஒர்க்கரும் சாக்கெட்டும் கெர்னலும் அதேதான். எந்த வாசல் வழியாகத் தூங்கப் போனோம் என்பதுதான் முடிவை மாற்றுகிறது. ஏன் அப்படி என்று புரிந்துகொண்டால் இந்தத் துறையில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் தூக்கம் என்றால் என்ன என்று பார்ப்போம். லினக்ஸில் காத்திருக்க வேண்டிய ஒவ்வொரு பொருளுக்கும், அது சாக்கெட்டோ பைப்போ (ஒரு ப்ராசஸ் எழுதுவதை இன்னொன்று படிக்கும் குழாய்) டிவைஸோ, ஒரு காத்திருப்பு வரிசை உண்டு. ப்ராசஸ் அந்த வரிசையில் தன் பெயரைப் பதிவு செய்கிறது. தன் நிலையைத் 'தூங்குகிறேன்' என்று மாற்றிக்கொள்கிறது. அதன் பிறகு இன்னொரு முறை 'நான் காத்திருக்கும் விஷயம் இதற்குள் வந்துவிட்டதா?' என்று பார்க்கிறது. வரவில்லை என்றால்தான் சிபியுவை விட்டுக்கொடுக்கிறது. இந்த வரிசைமுறை மாறவே கூடாது. முதலில் பார்த்துவிட்டுப் பிறகு பெயர் பதிந்தால், இரண்டுக்கும் நடுவில் உள்ள நூலிழை இடைவெளியில் தரவு வந்துவிடலாம். எழுப்புகிறவர் வரிசையைப் பார்ப்பார், உங்கள் பெயர் இருக்காது, போய்விடுவார். நீங்கள் போய்ப் படுத்தால் அடுத்த தரவு வரும்வரை எழுப்ப யாரும் இல்லை. தொலைந்த எழுப்பல் என்று இதைத்தான் சொல்கிறோம். எப்போதாவது ஒருமுறை மட்டும் தொங்கி நிற்கும் புரோகிராம்களில் நான் முதலில் தேடுவது இந்த இடைவெளியைத்தான்.

எழுப்புவது என்பதும் நாம் நினைக்கிற மாதிரி இல்லை. எழுப்பினால் அந்த ப்ராசஸ் உடனே ஓடாது. ஓடத் தயாரானவர்களின் பட்டியலில் சேரும், அவ்வளவுதான். அதற்கு சிபியு கிடைப்பதற்குள், தூங்கவே தூங்காத இன்னொரு ப்ராசஸ் வந்து தரவை அள்ளிக்கொண்டு போயிருக்கலாம். ஆகவே எழுப்பல் ஒரு வாக்குறுதி அல்ல, 'போய்ப் பார், இருக்கலாம்' என்ற குறிப்பு மட்டுமே. ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் உருவான மெசா என்ற நிரல்மொழியில் இதை வெளிப்படையாகவே விதியாக்கினார்கள். லாம்ப்சனும் ரெடெலும் 1980-ல் எழுதிய கட்டுரையில், எழுந்தவன் தன் நிபந்தனையை மறுபடி சரிபார்த்தே ஆகவேண்டும் என்று வைத்தார்கள். இன்று பிதிரெட் என்ற த்ரெட் லைப்ரரியில் கண்டிஷன் வேரியபிளை (ஒரு நிபந்தனை நிறைவேறும்வரை த்ரெட்டைத் தூங்க வைக்கும் வசதி) 'இஃப்' போட்டு எழுதாமல் 'வைல்' போட்டு எழுதச் சொல்வது அங்கிருந்து வந்த வழக்கம்தான். உங்கள் ஒர்க்கர்கள் வாங்கிய ஈ-அகெய்னும் அதே விதியின் இன்னொரு முகம்: எழுந்தோம், பார்த்தோம், இல்லை.

இப்போது முக்கியமான இடம். எழுப்பும் நேரத்தில் வரிசையில் எட்டுப் பேர் இருந்தால் எத்தனை பேரை எழுப்புவது?

பழைய யூனிக்ஸ் இதில் யோசிக்கவே இல்லை. 1975-ல் வந்த ஆறாம் பதிப்பில் வேக்கப் என்ற செயல்கூறு ப்ராசஸ் பட்டியல் முழுவதையும் ஒரு சுற்று சுற்றி, அந்தக் காரணத்துக்காகத் தூங்கும் அத்தனையையும் எழுப்பிவிடும். எளிமையானது, பாதுகாப்பானது, யாரையும் விட்டுவிட்டோமோ என்ற பயமே வேண்டாம். ஐம்பது ப்ராசஸ் ஓடுகிற இயந்திரத்தில் அது போதும். ஆயிரம் ப்ராசஸ் ஒரே வரிசையில் நிற்கத் தொடங்கியபோதுதான் வலித்தது. ஒரு வேலைக்கு ஆயிரம் பேர் எழுந்து, ஒரே பூட்டுக்கு முட்டி மோதி, 999 பேர் வெறுங்கையோடு திரும்புவதைத்தான் தண்டரிங் ஹெர்ட் என்கிறார்கள்.

'அப்படியானால் எப்போதும் ஒருவரை மட்டும் எழுப்பு' என்று சொல்லத் தோன்றும். அது தவறு. கல்யாண வீட்டில் 'பந்தி போட்டாச்சு, வாங்க' என்பதும் 'சாம்பார் வாளியைப் பிடிக்க ஒருத்தர் வாங்க' என்பதும் வேறு வேறு அழைப்புகள். கெர்னலுக்கும் இரண்டும் வரும்.

முதல் வகைக்கு விசைப்பலகையைப் பாருங்கள். லினக்ஸில் அது டெவ்/இன்புட் அடைவுக்குள் ஈவென்ட் என்று தொடங்கும் ஒரு கோப்பாகத் தெரியும். இரண்டு முனையங்களில் ஈவ்டெஸ்ட் கருவியை அதே டிவைஸுக்கு ஓடவிட்டு ஒரு விசையை அழுத்துங்கள்: இரண்டிலும் அந்த விசை பதிவாகும், டெஸ்க்டாப்புக்கும் போய்ச் சேரும். காரணம், அந்தக் கோப்பைத் திறந்த ஒவ்வொருவருக்கும் கெர்னல் தனித்தனி பஃபர் வைத்து, நிகழ்வின் பிரதியை எல்லாவற்றிலும் போடுகிறது. இங்கே ஒருவரை மட்டும் எழுப்பினால் மற்றவருடைய பஃபரில் விசை கிடந்து ஊறும். எல்லோரையும் எழுப்புவதுதான் சரி. எனக்கு மட்டும்தான் வேண்டும் என்றால் அந்த டிவைஸை கிராப் செய்வதற்கு (பிறருக்குப் போகாமல் பிடித்துக்கொள்வதற்கு) ஐயோக்டில் என்ற வகையில் தனிக் கெர்னல் அழைப்பு இருக்கிறது. நீங்கள் கேட்டால்தான் அது நடக்கும்.

இரண்டாம் வகைக்கு எனக்கு மிகவும் பிடித்த உதாரணம், மூலநிரலிலிருந்து புரோகிராம்களைக் கட்டும் க்னூ மேக் கருவி. மேக்கை ஜே கொடியோடு ஓட்டினால், எத்தனை வேலைகள் ஒரே நேரத்தில் ஓடலாம் என்பதை அது ஒரு பைப் வைத்துக் கட்டுப்படுத்துகிறது. பைப்பில் சில பைட்டுகள் போடப்பட்டிருக்கும், ஒவ்வொன்றும் ஒரு டோக்கன். புதிய வேலை தொடங்க ஒரு பைட்டைப் படிக்க வேண்டும், முடிந்ததும் திருப்பி எழுத வேண்டும். அப்படியென்றால் பைப்பின் வாசலில் ஏராளமான துணை மேக்குகள் ஒரு பைட்டுக்காகக் காத்துக்கிடக்கும். ஒரு பைட் வந்தால் பயன்பெறப் போவது ஒருவர்தான், ஆனால் லினக்ஸ் நெடுங்காலம் அங்கே காத்திருந்த எல்லோரையும் எழுப்பிக்கொண்டிருந்தது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே இதைத் திருத்தி, பைப்பில் ஒருவரை மட்டும் எழுப்பும் முறையைக் கொண்டுவந்தார். 2020 மார்ச்சில் வெளியான 5.6 கெர்னலில் அது இருக்கிறது. திருத்தம் வந்ததும் மேக்கின் பழைய பதிப்பில் ஒளிந்திருந்த ஒரு பிழை வெளியே வந்தது. எல்லோரும் எழுந்துகொண்டிருந்த காலத்தில் அது கண்ணில் படவில்லை. மேக் 4.3-ல் அதைச் சரிசெய்திருந்தார்கள்.

அதே பைப்பில் இன்னொன்றும் நடந்தது. ஏற்கெனவே தரவு இருக்கும் பைப்பில் மேலும் எழுதினால் படிப்பவரை மறுபடி எழுப்பத் தேவையில்லை என்று ஒரு மாற்றம் செய்தார்கள். தர்க்கப்படி மிகச் சரி. ஆனால் ஆண்ட்ராய்டு செயலிகள் பயன்படுத்தும் ரெல்ம் என்ற லைப்ரரி, ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எழுப்பல் வரும் என்று நம்பியிருந்தது. 2021-ல் லினஸ் பழைய நடத்தையையே திருப்பிக் கொண்டுவந்தார். பயனர் புரோகிராம் உடையக்கூடாது என்பதில் அவர் இவ்வளவு கறாராக இருப்பதை நான் மனதார மதிக்கிறேன்.

சரி, கெர்னலுக்கு எந்த வகை என்று எப்படித் தெரியும்? தெரியாது. தூங்கப் போகிறவர்தான் சொல்ல வேண்டும். காத்திருப்பு வரிசையில் பெயர் பதியும்போது 'எக்ஸ்க்ளூசிவ்' (என்னைப் போன்றவர்களில் ஒருவரை எழுப்பினால் போதும்) என்ற குறியோடு பதியலாம், இல்லாமலும் பதியலாம். குறி இல்லாதவர்கள் வரிசையின் தலையில் சேர்வார்கள், குறி உள்ளவர்கள் வாலில். எழுப்பும் நிரல் தலையிலிருந்து நடந்துவரும். குறி இல்லாத எல்லோரையும் எழுப்பும், குறி உள்ள முதல் ஆளை எழுப்பியதும் நின்றுவிடும். சில வரிகளில் முடிகிற இந்த ஏற்பாடு இரண்டு அழைப்புகளையும் ஒரே வரிசையில் சமாளித்துவிடுகிறது. கெர்னல் மூலநிரலில் நான் ரசித்துப் படித்த பகுதிகளில் இதுவும் ஒன்று.

ஆக்செப்டில் தூங்குகிறவர் குறியோடு பதிகிறார். ஏனென்றால் ஆக்செப்ட் என்றாலே 'ஓர் இணைப்பை எனக்குக் கொடு, எடுத்துக்கொள்கிறேன்' என்று பொருள். எழுந்தவர் எடுப்பார் என்பது உறுதி, ஒருவர் போதும். ஈபோலும், அதே வேலையைச் செய்யும் பழைய அழைப்புகளான போல், செலக்ட் இரண்டும் அப்படி இல்லை. 'இதில் ஏதாவது வந்தால் எனக்குத் தகவல் சொல்' என்பது மட்டும்தான் அவற்றின் கோரிக்கை. தகவல் கேட்டவர் உண்மையிலேயே எடுப்பாரா, வேறு வேலையில் இருப்பாரா, கண்காணிப்புக்காக மட்டும் பார்க்கிறாரா என்று கெர்னலுக்குத் தெரியாது. ஒருவரை மட்டும் எழுப்பி அவர் எடுக்காமல் விட்டால், இணைப்பு வரிசையில் காத்துக்கிடக்க, மற்ற ஏழு பேரும் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருப்பார்கள். அதனால்தான் இயல்பாக எல்லோரையும் எழுப்புகிறது. உங்கள் எட்டு ஈபோல்களும் குறி இல்லாமல் பதிந்தவை.

2016-ல் வந்த 4.5 கெர்னலிலிருந்து ஈபோலிலும் அந்தக் குறியைச் சொல்ல முடியும்; ஈபோல்-எக்ஸ்க்ளூசிவ் என்ற கொடி. பைத்தான் 3.6-லிருந்து செலக்ட் மாட்யூலில் அது இருக்கிறது, சாக்கெட்டைப் பதிவு செய்யும் வரியில் சேர்த்தால் போதும். சேர்த்துவிட்டு அதே சோதனையை ஸ்ட்ரேஸோடு ஓட்டிப் பாருங்கள், ஈ-அகெய்ன் கூட்டம் காணாமல் போகும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: கையேடு தரும் உத்தரவாதம் 'ஒன்றோ அதற்கு மேற்பட்டதோ எழும்' என்பதுதான். ஆகவே சாக்கெட்டை நான்-பிளாக்கிங்காகவே (எதுவும் இல்லையென்றால் தூங்காமல் உடனே திரும்பும்படி) வைத்து, ஈ-அகெய்னைக் கையாளும் நிரலையும் அப்படியே விட்டுவிடுங்கள்.

இதைச் செய்தபின் புதிதாக ஒரு தலைவலி வரும். ப்ராசஸ்களின் சிபியு பயன்பாட்டைக் காட்டும் டாப் கருவியில் பார்த்தால் ஒரு ஒர்க்கர் மட்டும் திணறும், கடைசி ஒர்க்கர் கை கட்டி உட்கார்ந்திருக்கும். ஆக்செப்டில் தூங்குகிறவர் ஒவ்வொரு முறையும் புதிதாக வாலில் போய் நிற்பதால் முறை சுழன்றுவரும். ஈபோலில் ஒருமுறை பதிந்த பெயர் அதே இடத்தில் நிலையாக இருக்கிறது. அதனால் முதலில் நிற்கிறவர் தூங்கிக்கொண்டிருக்கும் வரை அவரையே எழுப்பும். அவர் வேலையில் இருந்தால்தான் அடுத்தவருக்கு வாய்ப்பு. சின்னச் சின்ன கோரிக்கைகளுக்கு இது பெரிய பிரச்சினை இல்லை. ஆனால் வெப்சாக்கெட் மாதிரி மணிக்கணக்கில் நிற்கும் இணைப்புகள் என்றால், ஏற்றுக்கொண்ட ஒர்க்கரே கடைசிவரை சுமக்க வேண்டும், சுமை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும்.

விண்டோஸில் முடிந்த உள்ளீடு-வெளியீட்டு வேலைகளை த்ரெட்டுகளுக்குப் பகிரும் ஐஓ கம்ப்ளீஷன் போர்ட், தெரிந்தே கடைசியாகத் தூங்கப்போன த்ரெட்டை முதலில் எழுப்புகிறது. அங்கே அதை யாரும் குறையாகச் சொல்வதில்லை. அந்த த்ரெட்டின் தரவு இன்னும் சிபியுவின் கேஷில் (வேக நினைவகம்) சூடாக இருக்கும் என்பதால் நல்லது என்றே எண்ணுகிறார்கள். எனக்குத் தோன்றும் காரணம் இதுதான்: அங்கே த்ரெட்டுக்கு எந்த இணைப்பும் சொந்தம் இல்லை, முடிந்த வேலைகள் ஒரே வரிசையில் வரும், எந்த த்ரெட்டும் எதையும் எடுக்கலாம். நம் சர்வரிலோ எழுந்தவர் எடுத்த இணைப்பு அவர் தலையிலேயே தங்கிவிடுகிறது.

சமமாகப் பங்கிட வேண்டும் என்றால் ரீயூஸ்போர்ட் என்ற சாக்கெட் தேர்வு இருக்கிறது. லினக்ஸ் 3.9-ல், 2013-ல் வந்தது. ஒவ்வொரு ஒர்க்கரும் அதே போர்ட்டில் தனித்தனி கேட்கும் சாக்கெட் திறக்கும். வரும் இணைப்பை முகவரி, போர்ட் எண்களிலிருந்து கணக்கிடும் ஹாஷ் என்ற எண்ணை வைத்துக் கெர்னலே பிரித்துப் போடும். பொதுவான வரிசையே இல்லாததால் யாரை எழுப்புவது என்ற கேள்வியும் இல்லை. ஆனால் ஒரு ஒர்க்கர் ஒரு கனமான குவெரியில் மாட்டிக்கொண்டால், அதன் சாக்கெட்டுக்கு வந்த இணைப்புகள் அங்கேயே தேங்கும். பக்கத்தில் சும்மா இருப்பவர் உதவ முடியாது. ஒர்க்கர் செத்தால் அதன் வரிசையில் இருந்தவை அறுந்தும் போகலாம். வேறொருவருக்கு மாற்றிவிடும் வசதி 5.14 கெர்னலில்தான் சேர்ந்தது, அதையும் சிஸ்கன்ட்ரோல் என்ற கெர்னல் அமைப்பில் நாமே இயக்க வேண்டும்.

எஞ்சின்எக்ஸ் என்ற வெப் சர்வர் இந்தப் பாதை முழுவதையும் நடந்து வந்திருக்கிறது. முன்பெல்லாம் ஒர்க்கர்கள் ஒரு பூட்டை முறைவைத்துப் பிடித்துக்கொண்டு ஆக்செப்ட் செய்யும்; அந்த ஆக்செப்ட் மியூடெக்ஸ் அமைப்பு இயல்பாகவே ஆன் ஆக இருந்தது. 1.11.3-ல் ஈபோல்-எக்ஸ்க்ளூசிவ் ஆதரவு வந்ததும் அதை ஆஃப் ஆக்கிவிட்டார்கள். பைத்தான் செயலிகளை ஓட்டும் யூவிஸ்கி சர்வரில் இன்றும் தண்டர்-லாக் என்ற தேர்வு இருக்கிறது, அதே பழைய பூட்டு உத்திதான்.

உங்கள் சர்வருக்கு நான் என்ன செய்வேன்? எட்டு ஒர்க்கர்தான், கோரிக்கைகளும் குறைவு என்றால் எதையும் தொடமாட்டேன். ஏழு வீண் எழுப்பல்களின் செலவு உங்கள் பைத்தான் கோட் ஒரு கோரிக்கைக்கு எடுக்கும் நேரத்தின் முன் தூசு. ட்ராஃபிக் ஏறும்போது விஎம்ஸ்டாட் கருவியில் சிஎஸ் என்ற பத்தியை (சிபியு ஒரு ப்ராசஸிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் எண்ணிக்கை) கவனியுங்கள். கோரிக்கைகளின் எண்ணிக்கையைவிட அது பல மடங்கு வேகமாக ஏறினால் எக்ஸ்க்ளூசிவ் கொடியைப் போடுங்கள். அதன் பிறகு ஒர்க்கர்களுக்கு இடையே சுமை சாய்ந்தால், கோரிக்கைகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு நேரம் எடுப்பவையா என்று பாருங்கள். ஆம் என்றால் ரீயூஸ்போர்ட்டுக்குப் போகலாம். சில கோரிக்கைகள் மில்லிசெகண்டிலும் சில பல செகண்டுகளிலும் முடிகிற சர்வர் என்றால் பொதுவான வரிசையை விட்டு நகராதீர்கள். ஈபோலைக் கழற்றிவிட்டு, ஒர்க்கருக்குச் சில த்ரெட்டுகள் வைத்து, நேராக ஆக்செப்டிலேயே தூங்க விடுங்கள்.