இருக்கைக் கணக்கு: டெலிபெர்ஃபார்மன்ஸ் பற்றியும் பிபிஓ வேலை பற்றியும் டெல்டாவிலிருந்து வந்த கேள்விகள்

டெலிபெர்ஃபார்மன்ஸ் நிறுவனம் வளர்ந்த விதம், அதன்மேல் எழுந்த சர்ச்சைகள், பிபிஓ வேலையின் (மற்ற நிறுவனங்களின் வேலையை வெளியே எடுத்துச் செய்து கொடுப்பது) உள்கணக்கு ஆகியவை பற்றி டெல்டா மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

தஞ்சாவூர்: ஐயா, உலகத்திலேயே பெரிய கால் சென்டர் கம்பெனி டெலிபெர்ஃபார்மன்ஸ் என்கிறார்கள். சொந்தமாக ஒரு பொருளும் செய்யாத கம்பெனி எப்படி இவ்வளவு வளர்ந்தது?

அது விற்பது ஆட்களின் மணி நேரத்தை. ஒரு வங்கியோ விமான நிறுவனமோ தன் வாடிக்கையாளரிடம் பேச ஆள் வைக்காமல், அந்த வேலையை மொத்தமாக வெளியே கொடுக்கிறது. எடுத்துச் செய்பவர் மணிக்கு இவ்வளவு, அல்லது அழைப்புக்கு இவ்வளவு என்று பில் போடுகிறார். நம் ஊரில் நடவு வேலையை மொத்தமாகப் பேசி எடுத்து ஆள் இறக்குவார்களே, கிட்டத்தட்ட அந்த முறைதான்.

1978ல் பாரிஸில் டேனியல் ஜூலியன் தொடங்கினார். புதிய ஒப்பந்தங்களால் வந்த வளர்ச்சி ஒரு பக்கம். பெரிய பாய்ச்சல்கள் எல்லாம் பிற நிறுவனங்களை வாங்கியதால் வந்தவை. 2016ல் லாங்குவேஜ்லைன் சுமார் 150 கோடி டாலர், 2018ல் இந்தியாவின் இன்டெலநெட் சுமார் 100 கோடி டாலர், 2023ல் மஜோரெல் சுமார் 300 கோடி யூரோ. கடைசியாகச் சொன்னதை வாங்கிய பிறகு ஊழியர் எண்ணிக்கை 5 லட்சம் அளவுக்குப் போனது. 2025ல் பெயரையே ‘டிபி’ என்று சுருக்கிக்கொண்டார்கள்.

கும்பகோணம்: என் அக்கா இன்டெலநெட்டில் இருந்தார். ஐடி கார்டு மாறிக்கொண்டே இருந்ததாம். முதலாளி மாறினால் பழைய சர்வீஸ் என்ன ஆகும்?

அக்கா சொல்வது சரிதான். 2000ல் டிசிஎஸ், எச்டிஎஃப்சி இரண்டும் சேர்ந்து தொடங்கியது இன்டெலநெட். 2004ல் டிசிஎஸ் பங்கு பார்க்லேஸ் வங்கிக்குப் போனது. 2007ல் அமெரிக்க முதலீட்டு நிறுவனமான பிளாக்ஸ்டோன், 2011ல் பிரிட்டனின் செர்கோ, 2015ல் மறுபடியும் பிளாக்ஸ்டோன், 2018ல் டெலிபெர்ஃபார்மன்ஸ். அதே நாற்காலி, அதே ஹெட்செட், முதலாளி மட்டும் மாறிக்கொண்டே இருந்தார்.

கை மாறும்போது நான்கு விஷயங்களைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டும். புதிய நியமனக் கடிதத்தில் பழைய சேர்ந்த தேதியே இருக்கிறதா? வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். எண்ணான யுஏஎன் அதேதானா, பழைய இருப்பு புதிய கணக்குக்கு மாறிவிட்டதா? மீதி லீவு ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கிறதா? எல்லாவற்றையும்விட முக்கியம், ‘சும்மா ஒரு நடைமுறைதான்’ என்று ராஜினாமாக் கடிதம் கேட்கிறார்களா? கேட்டால், ‘பணித் தொடர்ச்சி உண்டு’ என்று எழுத்தில் வாங்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. ராஜினாமா என்று பதிவானால் பணிக்கொடைக்கான (கிராஜுவிட்டி) வருடக் கணக்கு அறுந்துபோகும்.

மன்னார்குடி: பிபிஓவில் லீவு கேட்டால் டி.எல். (டீம் லீடர்) ஏன் அப்படிக் கோபப்படுகிறார்? ஒரு ஆள் வராவிட்டால் என்ன குடியா முழுகிவிடும்?

இந்தத் துறையின் உயிர்நாடி இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அரை மணி நேரத்தில் 100 அழைப்பு வருகிறது, ஒன்றுக்குச் சராசரி 6 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 600 நிமிட வேலை. ஒருவர் அரை மணியில் 30 நிமிடம்தான் பேச முடியும். 20 பேர் போதும் என்று தோன்றும். ஆனால் அழைப்புகள் முறை வைத்து விடும் வாய்க்கால் தண்ணீர் மாதிரி வருவதில்லை. திடீரென 12 ஒன்றாக வரும், பிறகு ஒரு நிமிடம் ஒன்றுமே வராது. 20 பேரை மட்டும் உட்கார வைத்தால் காத்திருப்போர் வரிசை நீண்டுகொண்டே போகும்.

ஒப்பந்தத்தில் வழக்கமாக இருக்கும் நிபந்தனை, 80 சதவீத அழைப்புகளை 20 விநாடிக்குள் எடுக்க வேண்டும் என்பது. அழைப்பு வரிசைக்கு எத்தனை ஆள் வேண்டும் என்று கணக்கிடும் எர்லாங் சூத்திரத்தில் இதைப் போட்டால் 25 பேர் இருந்தால் சுமார் 84 சதவீதம் வரும். 24 பேர் என்றால் 76. 22 பேர் என்றால் 49. மூன்றே மூன்று பேர் குறைந்தால் பாதிக்குப் பாதி அழைப்பு தாமதம். தாமதமானால் வாடிக்கை நிறுவனம் பில்லில் பிடித்தம் செய்யும். டி.எல்.லின் கோபம் இங்கேதான் பிறக்கிறது.

தவறு ஊழியர்மேல் இல்லை என்பதும் இதே கணக்கில் தெரியும். லீவு, சாப்பாட்டு இடைவேளை, ட்ரெயினிங், மீட்டிங் எல்லாம் சேர்த்து நேரத்தில் 30 சதவீதம் கழியும். இதை ஷ்ரிங்கேஜ் என்பார்கள். 25 பேர் எப்போதும் இருக்கையில் இருக்க வேண்டுமென்றால் பட்டியலில் 36 பேர் வேண்டும். மலிவாக ஒப்பந்தம் எடுத்துவிட்டு 30 பேரை வைத்து ஓட்டினால் இருக்கையில் 21 பேர்தான் இருப்பார்கள்; 20 விநாடிக்குள் அழைப்பு எடுக்கும் அளவு 28 சதவீதத்துக்கு விழும். அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் லீவு மறுப்பு, டாய்லெட் போகக்கூட நேரக் கணக்கு, கட்டாய ஓவர்டைம் எல்லாம் வருகின்றன. ஆறு பேர் சம்பளத்தை மிச்சம் பிடித்துவிட்டு அந்தச் சுமையை முப்பது பேர் முதுகில் ஏற்றுவது அநியாயம்.

நடைமுறையில் ஒன்று செய்யலாம். ரோஸ்டர் (ஷிப்ட் பட்டியல்) வெளியாகும் முன்பே லீவைப் பதிவு செய்யுங்கள். வெளியான பிறகு கேட்டால் கிடைப்பது அரிது. அமெரிக்க, பிரிட்டன் வேலைகளில் கிறிஸ்துமஸை ஒட்டி நவம்பர், டிசம்பரில் லீவை முடக்கிவிடுவது வழக்கம். தை அறுப்புக்கு ஊருக்கு வர வேண்டியவர்கள் ஐப்பசியிலேயே கேட்டு வைப்பது நல்லது.

மயிலாடுதுறை: கன்டென்ட் மாடரேஷன் வேலைக்கு அழைக்கிறார்கள். பேச வேண்டாம், வீடியோ பார்த்தால் போதும் என்கிறார்கள். போகலாமா அண்ணே?

தம்பி, சமூக வலைத்தளத்தில் ஏறும் வீடியோக்களைப் பார்த்துத் தகாதவற்றை நீக்கும் வேலை அது. என்ன வீடியோ என்று முதலில் கேளுங்கள். டெலிபெர்ஃபார்மன்ஸ்மேல் எழுந்த பெரிய சர்ச்சையே இந்த வேலையால்தான். கொலம்பியாவில் டிக்டாக் வீடியோக்களைச் சரிபார்த்த ஊழியர்களின் நிலை பற்றி 2022ல் செய்திகள் வந்தன. நவம்பரில் அந்நாட்டுத் தொழிலாளர் அமைச்சகம் விசாரணை அறிவித்தது. ஒரே நாளில் பங்கு விலை மூன்றில் ஒரு பங்கு சரிந்தது. மிகக் கொடூரமான காட்சிகளைப் பார்க்கும் பிரிவிலிருந்து விலகுவதாக நிறுவனம் அறிவித்தது. டிசம்பரில் யுஎன்ஐ குளோபல் என்ற சர்வதேசத் தொழிற்சங்கக் கூட்டமைப்போடு ஒப்பந்தமும் போட்டது. அந்த ஒப்பந்தத்தை மனதார வரவேற்கலாம். ஆனால் அடுத்த வருடம் வாங்கிய மஜோரெலும் இதே மாடரேஷன் வேலை செய்துவந்த நிறுவனம்தான் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

சேருமுன் கேட்க வேண்டியவை: ஒரு ஷிப்டில் எத்தனை வீடியோ, வன்முறைக் காட்சிகளுக்கெனத் தனி வரிசை உண்டா, அதில் தொடர்ந்து எத்தனை வாரம் போடுவார்கள், படத்தை மங்கலாக்கி ஒலியை நிறுத்திப் பார்க்க வசதி உண்டா, மனநல ஆலோசகரைச் சந்திக்கும் நேரம் வேலை நேரமாகக் கணக்காகுமா. கடைசிக் கேள்விக்கு ‘இல்லை’ என்று பதில் வந்தால் அந்த ஆலோசகர் பெயருக்குத்தான் இருப்பார்.

நாகப்பட்டினம்: வீட்டிலிருந்து வேலை பார்த்தால் கேமரா வைப்பார்களா?

வைக்கச் சொன்ன நிறுவனங்கள் உண்டு. டெலிபெர்ஃபார்மன்ஸின் கொலம்பிய ஊழியர்களிடம் வீட்டில் கேமராவுக்குச் சம்மதம் கேட்டுக் கையெழுத்து வாங்கியது 2021ல் பெரிய செய்தியானது. ஒப்பந்தத்தில் ‘கண்காணிப்பு’ என்ற பகுதியைத் தேடிப் படியுங்கள். ஷிப்ட் நேரத்துக்கு மட்டுமா, வீட்டார் படத்தில் விழுந்தால் பதிவு அழிக்கப்படுமா என்று மின்னஞ்சலில் கேட்டுப் பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

திருவாரூர்: எனக்கு ஆங்கிலம் எழுத வரும், உச்சரிப்பு நம்மூர் வாடை. தேறுவேனா?

தேறலாம். உச்சரிப்பை அந்த நொடியே மாற்றிக் கேட்கவைக்கும் மென்பொருளை இந்தியாவில் பேசுவோருக்குப் பயன்படுத்துவதாக டெலிபெர்ஃபார்மன்ஸ் 2025 தொடக்கத்தில் சொன்னது. அதைச் செய்யும் சனாஸ் நிறுவனத்தில் 1.3 கோடி டாலர் முதலீடும் செய்தது. நம் பிள்ளைகளின் குரலைத் திருத்தி விற்பது நெருடலான விஷயம். தேர்வில் பெரும்பாலும் விழுவது உச்சரிப்பால் அல்ல, வேகத்தால். நிமிடத்துக்கு 130 சொல் அளவில், வாக்கியத்தை முடித்துவிட்டு நிறுத்திப் பேசிப் பழகுங்கள். சாட், மின்னஞ்சல் பிரிவுகளில் எழுத்துக்குத்தான் மதிப்பு. அவற்றைக் கேட்டு விண்ணப்பியுங்கள்.

பாபநாசம்: பையனுக்கு ஆஃபர் லெட்டரில் மாதம் 19,785 என்று போட்டிருக்கிறது. கையில் எவ்வளவு வரும்?

அந்த எண்ணை வைத்துப் பார்த்தால் மொத்தச் சம்பளம் 18,000, அதில் அடிப்படை 10,000 என்று பிரித்திருப்பார்கள். அதன்மேல் கம்பெனி கட்டும் பி.எஃப். 12 சதவீதம் 1,200, இஎஸ்ஐ 3.25 சதவீதம் 585 சேர்த்தால் 19,785. பையன் பங்காகப் பிடிப்பது பி.எஃப். 1,200, இஎஸ்ஐ 0.75 சதவீதம் 135. கைக்கு வருவது 16,665. அரையாண்டுக்கு ஒருமுறை தொழில்வரி தனியே பிடிப்பார்கள். சம்பளம் 21,000க்குள் இருக்கும்வரை இஎஸ்ஐ உண்டு. குடும்பத்துக்கும் மருத்துவம் கிடைக்கும் என்பதால் அந்த 135 ரூபாயை நஷ்டமாக நினைக்காதீர்கள்.

அசல் சான்றிதழைக் கேட்டால் கொடுக்காதீர்கள். காட்டிவிட்டு நகல் கொடுத்தால் போதும். ட்ரெயினிங் காலத்துக்குச் சம்பளம் உண்டா, தேர்வில் தோற்றால் அதைத் திருப்பிக் கேட்பார்களா என்ற இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள்.

பட்டுக்கோட்டை: மகளுக்கு அமெரிக்க ஷிப்ட். எத்தனை மணிக்கு வீடு திரும்புவாள்?

நியூயார்க் நேரம் காலை 9 முதல் மாலை 6 என்றால் கோடையில் நமக்கு மாலை 6.30 முதல் அதிகாலை 3.30. நவம்பர் முதல் ஞாயிறன்று அங்கே கடிகாரத்தைத் திருப்பிய பிறகு இரவு 7.30 முதல் 4.30. மார்ச் இரண்டாம் ஞாயிறன்று மறுபடி பழையபடி ஆகும். இந்த மாற்ற வாரத்தில்தான் கேப் வண்டிக் குழப்பம் வரும்; முன்கூட்டியே கேட்டு வைக்கச் சொல்லுங்கள். இரவு 8 மணிக்கு மேல் பெண்களுக்கு வேலை கொடுக்க எழுத்து மூலமான சம்மதமும் போக்குவரத்தும் பாதுகாப்பும் தேவை. மெயின் ரோட்டில் இறக்கிவிடுவதை ஏற்காதீர்கள் அம்மா. வீட்டு வாசல் வரை வண்டி வர வேண்டும் என்று விடாமல் கேளுங்கள்.

கும்பகோணம்: ஊரிலேயே 25 சீட் சென்டர் போட ஆசை. முடியுமா?

முடியும். திருவாரூர் மாவட்டம் கொல்லுமாங்குடியிலேயே தேசிக்ரூ நிறுவனம் கிராமப்புற பிபிஓ நடத்தியிருக்கிறது. தஞ்சாவூரில் 2024ல் நியோ டைடல் பார்க் திறந்தாயிற்று. கால் சென்டர் போன்ற சேவை நிறுவனங்களுக்கான தொலைத்தொடர்புத் துறையின் ஓஎஸ்பி விதிகள் 2020, 2021ல் தளர்ந்த பிறகு பழைய பதிவுத் தொல்லையும் இல்லை.

மின்சாரம்: கணினியும் திரையும் சேர்த்து சீட்டுக்கு 150 வாட், ஆக 3.75 கிலோவாட். 2 டன் ஏசி இரண்டு சேர்ந்து இன்னொரு 4. கணினி, நெட்வொர்க்குக்கு மட்டும் 7.5 கேவிஏ யுபிஎஸ் போட்டு, 15 கேவிஏ ஜெனரேட்டர் வையுங்கள். ஏசியை யுபிஎஸ்ஸில் மாட்டினால் பேட்டரி நிமிடத்தில் காலியாகும். அடிக்கடி நடக்கும் தவறு இது.

இணையம்: ஜி.711 என்ற குரல் குறியாக்க முறையில் ஒரு அழைப்புக்கு ஒவ்வொரு திசைக்கும் சுமார் 87 கேபிபிஎஸ். 25 பேருக்கு 2.2 எம்பிபிஎஸ் போதும். ‘300 எம்பிபிஎஸ் இருக்கிறது, குரல் ஏன் வெட்டுகிறது’ என்பவர்கள் வேகத்தைப் பார்த்து, ஜிட்டரை (தரவுத் துண்டுகள் வந்து சேரும் நேரத்தில் ஏற்படும் ஏற்ற இறக்கம்) விட்டுவிடுகிறார்கள். ஜிட்டர் 30 மில்லிசெகண்டுக்குள், பாக்கெட் இழப்பு (வழியில் தொலையும் தரவுத் துண்டுகள்) 1 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். இரண்டு இணைப்பு வாங்கினால் இரண்டும் ஒரே மின்கம்பத்தில் வராமல் பாருங்கள். 2018 நவம்பர் 16ல் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தபோது கம்பங்கள் சாய்ந்து வாரக்கணக்கில் இருட்டில் கிடந்த ஊர்கள் நம்முடையவை. அந்த நாட்களில் வேலையை எந்த ஊருக்கு மாற்றுவீர்கள் என்று வாடிக்கை நிறுவனம் நிச்சயம் கேட்கும்.

சென்டர்கள் மூடுவது பெரும்பாலும் பணச் சுழற்சியால். 25 பேரோடு மேற்பார்வைக்கு ஆட்களும் சேர்த்து 28 பேருக்கு 15,000 வீதம் மாதம் 4.2 லட்சம். முதல் மாதம் ட்ரெயினிங், பில் கிடையாது. அடுத்த மாத வேலைக்கு மாதக் கடைசியில் பில் போட்டால் 45 முதல் 60 நாளில் பணம். ஆக நான்கு மாதச் சம்பளம், சுமார் 17 லட்சம், தனியே இருந்தால்தான் இறங்க வேண்டும். ‘சீட்டுக்கு இவ்வளவு டெபாசிட் கட்டினால் புராஜெக்ட் தருகிறேன்’ என்று வரும் இடைத்தரகரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

திருத்துறைப்பூண்டி: வீட்டில் ஃபார்ம் ஃபில்லிங் வேலை எடுத்தேன். துல்லியம் குறைவு என்று வக்கீல் நோட்டீஸ் அனுப்பி 6,000 கேட்கிறார்கள். பயமாக இருக்கிறது.

பணம் கட்டாதீர்கள் அம்மா. தேற முடியாத துல்லிய அளவு வைத்து, தோற்கவைத்து, மிரட்டிப் பறிப்பதுதான் இந்த மோசடியின் வழி. நீதிமன்றச் சம்மன் வாட்ஸ்அப் படமாக ‘இன்றே கட்டு’ என்று வராது. ஒப்பந்தம், மின்னஞ்சல், அழைப்பு எண் எல்லாவற்றையும் சேமித்து, 1930க்கு அழையுங்கள் அல்லது தேசிய சைபர் குற்றத் தளத்தில் புகார் பதியுங்கள். ஏற்கெனவே பணம் போயிருந்தால் அந்த மணி நேரத்திலேயே அழைத்தால் கணக்கை முடக்க வாய்ப்பு அதிகம். தாய்லாந்து, கம்போடியாவில் டேட்டா என்ட்ரி வேலை என்று சுற்றுலா விசாவில் அழைப்பவர்களிடம் இன்னும் எச்சரிக்கை தேவை. வெளியுறவு அமைச்சகத்தின் இமைக்ரேட் தளத்தில் பதிவில்லாத ஏஜெண்டிடம் பாஸ்போர்ட்டே கொடுக்கக் கூடாது.

திருவையாறு: ஏ.ஐ. வந்துவிட்டது. இனி இந்த வேலைக்குப் படித்துப் பயன் உண்டா?

2024 பிப்ரவரியில் ஸ்வீடனின் கிளார்னா, தன் ஏ.ஐ. உதவியாளர் ஒரே மாதத்தில் 23 லட்சம் உரையாடலைக் கையாண்டது, அது 700 ஊழியர் வேலைக்குச் சமம் என்று அறிவித்ததும் டெலிபெர்ஃபார்மன்ஸ் பங்கு கடுமையாக விழுந்தது. 2025ல் அதே கிளார்னா, வாடிக்கையாளர்களுக்கு மனிதர் வேண்டும் என்று மறுபடி ஆள் எடுக்கத் தொடங்கியது. முதலில் போவது கடவுச்சொல் மாற்றம், ஆர்டர் எங்கே, பில் நகல் போன்ற 2 நிமிட அழைப்புகள். மிஞ்சுவது காப்பீட்டுக் கோரிக்கை, மருத்துவ பில் மறுப்பு, மோசடி விசாரணை மாதிரி ஆவணம் படித்து முடிவெடுக்கும் வேலை. பி.காம். படித்தவருக்கு வங்கிச் சமரசக் கணக்கு (வங்கிப் பதிவையும் கம்பெனிக் கணக்கையும் ஒப்பிடுவது), செவிலியர் படிப்பு முடித்தவருக்கு மெடிக்கல் கோடிங் (நோய், சிகிச்சைகளுக்குக் குறியீடு போடுவது) பொருந்தும். நேர்காணலில் ‘எந்த புராஸஸ்’, அதாவது எந்த வகை வேலை என்று கேளுங்கள். சராசரி அழைப்பு நேரம் 3 நிமிடத்துக்குள் என்றால் அந்த இருக்கையை நம்பி வீட்டுக் கடன் வாங்காதீர்கள்.